தண்ணீருக்குக் கீழே

2022 ஜனவரி 2ஆம் தேதி காலையில் நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஏங்க, உங்க கப்பல் முழுகிப்போச்சாம், பார்த்தீங்களா?" என்றார். என் கப்பல் என்று எதுவும் கிடையாது. ஆனால் அவர் எதைச் சொல்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. பாரகூலா. சிட்னித் துறைமுகத்தின் வடகரையில், வேவர்ட்டனில், பழைய நிலக்கரித் துறையில் கட்டிக்கிடந்த ஃபெர்ரி, ஒரு காலத்தில் கடற்கரைப் புறநகரான மேன்லிக்கு ஆட்களை ஏற்றிப்போனது. புத்தாண்டு நாள் இரவில், கட்டிய இடத்திலேயே முழுகிவிட்டது. இன்னும் ஆறு வாரம் தாக்குப்பிடித்திருந்தால் அது தண்ணீரில் இறங்கி நூறு வருஷம் ஆகியிருக்கும். 1922 பிப்ரவரி 14இல் இறக்கினார்கள்.

நண்பர் அடுத்துச் சொன்ன வார்த்தைதான் இத்தனை நாளாக என்னை விடவில்லை. "அத்தனை பேர் அத்தனை வருஷம் சும்மா வந்து வேலை பார்த்தாங்களே, எல்லாம் வீணாப் போச்சுல்ல?" அவர் வருத்தத்தோடுதான் கேட்டார். அன்றைக்கு நான் "அப்படிச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இப்போது கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அது அன்றைக்கு நான் விரும்பியிருக்கக்கூடிய பதில் இல்லை.

பாரகூலாவில் நான் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. 1983 ஜனவரியில் அதன் ஓட்டம் நின்றுவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வேவர்ட்டன் ஸ்டேஷனில் இறங்கி பால்ஸ் ஹெட் முனை வரைக்கும் நடப்பேன். நிலக்கரித் துறை இருந்த இடத்தில் இப்போது சமூகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கத்தரியும் கீரையும் வளரும் பாத்திகளைத் தாண்டிக் கீழே பார்த்தால், நீட்டிக்கொண்டிருக்கும் பழைய துறைமேடையில் அப்போதெல்லாம் இரண்டு முதிய கப்பல்கள் நிற்கும். ஒன்று கேப் டான், கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்த கப்பல். இன்னொன்று பாரகூலா. அறுபது மீட்டர் நீளம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். எது அணியம், எது பின்பக்கம் என்று மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். இரண்டும் அணியம்தான். இரண்டு முனையிலும் புரொப்பெல்லர், இரண்டு முனையிலும் சுக்கான். கரையில் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல், வந்தபடியே கிளம்பிப் போகலாம்.

நகரத்தின் ஃபெர்ரித் துறையான சர்க்குலர் கீயிலிருந்து மேன்லிக்கு அரை மணி நேரப் பயணம். பாதிவழி வரைக்கும் குளம் மாதிரி இருக்கும். அப்புறம் துறைமுகத்தின் வாசல் வரும். வட முனைக்கும் தென் முனைக்கும் நடுவே பசிபிக் கடல் நேரே உள்ளே வருகிற இடம். அந்தச் சில நிமிடங்களுக்காகவே மேன்லி ஃபெர்ரிகளைக் கடற்கப்பல் போலக் கட்டினார்கள். பாரகூலாவும் அப்படிக் கட்டியதுதான். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். 1934இல் அது ஒரு திமிங்கிலத்தோடு மோதியது. 1950களின் கடைசியில் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு டீசல்-எலெக்ட்ரிக் வைத்தார்கள், அதனால் இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. பூர்வகுடிச் சொல்லான அதன் பெயருக்கு ஏற்றநீர், அதாவது கரையை நோக்கி ஏறிவரும் கடல்நீர், என்று பொருள் சொல்வார்கள்.

கூட ஓடியவற்றின் கதி தெரிந்தால்தான் இது தண்ணீரில் மிச்சமிருந்ததன் அருமை தெரியும். கர்ல் கர்ல் 1969இல், டீ வை 1976இல், பெல்லுபெரா 1980இல், மூன்றையும் சிட்னிக்கு வெளியே கடலில் வேண்டுமென்றே மூழ்கடித்துவிட்டார்கள். பாரகூலா தப்பித்தது. கை மாறி மாறிக் கடைசியில் 2010 வாக்கில் ஒரு தன்னார்வக் குழு அதை எடுத்துக்கொண்டது. கரையிலிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். ஒருவர் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வண்ணம் பூசிக்கொண்டிருப்பார், ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அது முழுகியபோது அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. அந்த வலியில்தான் நானும் ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். இதே துறைமுகத்தில், வேறொரு பழங்கப்பலைச் சரிசெய்கிற இடம்.

சுத்தியலின் சத்தம்

முதல் ஐந்தாறு சனிக்கிழமைகள் எனக்குக் கிடைத்தவை சுகமான வேலைகள். பித்தளைச் சட்டங்களைத் துலக்கினேன். பயணிகள் உட்காரும் மரப்பலகைகளில் பழைய வார்னிஷைச் சுரண்டி, தேய்த்து, புது வார்னிஷ் ஐந்து பூச்சு பூசினேன். மரம் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வருவதைப் பார்ப்பதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவனுக்கு அது என்ன மாதிரி இன்பம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு "அருமை" என்பார்கள். போட்டோ எடுப்பார்கள். உண்டியலில் நோட்டு போடுவார்கள்.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, அங்கே மூத்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். வேலைக்காலம் முழுக்கக் கொதிகலன் கட்டியவர். எண்பதைத் தாண்டியவர். "வா, கீழே போகலாம்" என்றார். தளத்தில் ஒரு இரும்பு மூடியைத் தூக்கினோம். உள்ளே ஏணி. இறங்கினால் நிமிர்ந்து நிற்க முடியாது. தோணியின் வங்குகால் மாதிரி, விலா எலும்பு மாதிரி, இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகின்றன. அவற்றுக்கு நடுவே தேங்கிய தண்ணீர். பழைய எண்ணெயும் துருவும் கலந்த வாடை. தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பழுப்பு.

அவர் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தார். ஒரு முனை உளி போலத் தட்டையாக இருக்கும், துரு கொத்துகிற சுத்தியல். "தட்டு" என்றார். தட்டினேன். "டங்" என்றது. "அடுத்தது." டங். "அடுத்தது." டங். இப்படியே ஒரு கை நீளம் நகர்ந்தபோது, சத்தம் மாறியது. தொப். ஈர மண்ணில் தட்டின மாதிரி. நான் கையை நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தி, நகத்தால் கீறினார். துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது, பொரித்த அப்பளம் உடைகிற மாதிரி. ஒரு ஏடு, இன்னொரு ஏடு. அப்புறம் தடிமன் பார்க்கும் கருவியைச் சுத்தமான இடத்தில் வைத்தார். பத்து மில்லிமீட்டராகப் பிறந்த தகடு. திரையில் 3 என்று வந்தது. அந்த மூன்று மில்லிமீட்டருக்கு அந்தப் பக்கம் துறைமுகம்.

அந்தத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜில்லென்று இருந்தது. வெளியே ஏதோ ஒரு ஃபெர்ரி போயிருக்க வேண்டும், அதன் அலை வந்து மோதுவது உள்ளங்கையில் தெரிந்தது. எனக்கு நேர் மேலே, நான் ஐந்து பூச்சு வார்னிஷ் அடித்த பலகைகள் பளபளத்துக்கொண்டிருந்தன.

"இங்க உண்டியல் வைக்க முடியாது" என்றார் அவர்.

பெரியப்பாவின் தோணி

அன்று ரயிலில் திரும்பும்போது பெரியப்பா ஞாபகம் வந்தது. தூத்துக்குடியில் அவர் கலபத்து வேலை பார்த்தவர். தோணியின் பலகை இடுக்குகளில் பருத்தி நூலைத் திரித்து உளியால் அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. கச்சான் காற்று பலமாக வீசுகிற மாதங்களில் கொழும்புக்குத் தோணி போகாது. அந்த நாட்களில் கரையில் ஏற்றிவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு போவேன். எனக்குத் தோணியின் மேல்தளத்தில் ஏறி ஓட ஆசை. அவர் விடமாட்டார். "ஏலே, மொதல்ல அடியப் பாத்துட்டு வருவோம். மேல எப்ப வேணா ஏறலாம்" என்பார். ஏராவில், அதாவது தோணியின் அடிமரத்தில், ஆரம்பித்து, குனிந்தபடியே ஒவ்வொரு இடுக்கையும் விரலால் தடவிக்கொண்டு போவார். சில இடங்களில் உளிக்காம்பால் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். முழுத் தோணியையும் அப்படிச் சுற்றி முடிக்க ஒரு பகல் ஆகும். பெயர் எழுதுவதும் வண்ணம் அடிப்பதும் கடைசி இரண்டு நாள் வேலை, அதற்கு வேறு ஆள்.

மரத்தோணிக்கும் ரிவெட் அடித்த இரும்புக் கப்பலுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பெரியப்பாவின் தோணி வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. மணலில் தேங்காய்நார்க் கயிறும் உருளைக்கட்டைகளும் இருபது முப்பது ஆட்களும் இருந்தால் போதும். பாரகூலா மாதிரி நூற்றுக்கணக்கான டன் இரும்பை அப்படி இழுக்க முடியாது. டாக் வேண்டும், கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடியில் வேலை பார்க்கிற இடம். டாக் வாடகையை நாள் கணக்கில் வாங்குவார்கள். ஏற்றிப் பார்த்தால், நினைத்ததைவிட எப்போதுமே அதிகமாக அரித்துப்போயிருக்கும். அரித்த தகட்டோடு மறுபடி தண்ணீரில் இறக்க முடியாது. மாற்றி முடிக்கிற வரைக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். கையில் பணமில்லாத குழுவுக்கு, கப்பலைத் தூக்குவதே பெரிய பயம். தூக்காமல் தள்ளிப்போடப் போட, அடியில் தகடு மெலியும். பழங்கப்பல் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கண்ணி தெரியும். பாரகூலாவின் ஆட்களும் அந்தப் பணத்துக்காகத்தான் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை.

புல்வெளிக்கு அடியில் ஒரு டாக்

பால்மெயினில் மோர்ட் பே பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. நாய்களை ஓடவிடுவார்கள், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். அந்தப் புல்லுக்கு அடியில்தான் மோர்ட்ஸ் டாக் இருக்கிறது. 1855இல் திறந்தது. ஆஸ்திரேலியாவின் கப்பல் வேலையில் அதற்கு இணையான தனியார் பட்டறை அந்தக் காலத்தில் கிடையாது. பாரகூலா பிறந்ததும் அங்கேதான். 1950களின் கடைசியில் கம்பெனி மூடியது, பின்னால் டாக்கை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். விளிம்புக் கற்களில் கொஞ்சம் இன்னும் மேலே தெரிகின்றன. அந்தக் கற்களைத் தொடர்ந்து நடந்தால் ஒரு கப்பலின் அளவு காலுக்கே தெரிந்துவிடும். காக்கட்டூ தீவில் கைதிகளைக் கொண்டு குடைந்த ஃபிட்ஸ்ராய் டாக்கும், 1890இல் முடிந்த சதர்லேண்ட் டாக்கும் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதிகள். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே கப்பல் பட்டறை 1990களின் தொடக்கத்திலேயே மூடிவிட்டது.

இது எனக்கு உறைத்தபோதுதான் நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலின் முதல் பாதி கிடைத்தது. ஒரு நகரம் தன் பழைய டாக்குகளை மூடிவிட்டு, தன் பழங்கப்பல்களை மட்டும் தன்னார்வலர்கள் காப்பாற்றுவார்கள் என்று நினைப்பது நியாயமில்லை. குழந்தையைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியை இடித்த மாதிரி. சிட்னியிலேயே ஜான் ஆக்ஸ்லி என்று ஒரு நீராவிக் கப்பல் இருக்கிறது, 1927இல் ஸ்காட்லாந்தில் கட்டியது. அதை ஒரு மிதவை டாக் மேலேயே ஏற்றிவைத்து, தன்னார்வலர்கள் வருஷக்கணக்கில் அடித்தகடுகளை மாற்றினார்கள். ரிவெட்டை உலையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, ஓட்டையில் செருகி, ஒருவர் உள்ளிருந்து தாங்க இன்னொருவர் வெளியிலிருந்து அடிக்க வேண்டும். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அந்த வேலையைத் தன்னார்வலர்களே கற்றுக்கொண்டு செய்தார்கள். ஆக, கையால் முடியாதது என்று ஒன்றும் இல்லை. கப்பல் தண்ணீருக்கு மேலே நிற்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பதிலின் மறுபாதி கசப்பானது. டாக்குக்கு வழி தெரியாத வரைக்கும் ஒரு கப்பலை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்று இப்போது நினைக்கிறேன். முதல் டாலர் ஏராவுக்குப் போக வேண்டும். கடைசி டாலர்தான் வார்னிஷுக்கு. வழி இல்லையென்றால், கப்பல் உயிரோடு இருக்கும்போதே அளவெடுத்து, படம் வரைந்து, எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, ஓட்டியவர்களையும் எண்ணெய் போட்டவர்களையும் பேசவிட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு, மரியாதையாகப் பிரித்துவிடலாம். இல்லையென்றால் ஹஸ்கிசனில் செய்த மாதிரி கரைக்கு ஏற்றிவிடலாம். லேடி டென்மன் என்கிற ஃபெர்ரியை 1911இல் அந்த ஊரில்தான் கட்டினார்கள். சிட்னியில் ஓடி முடித்ததும், பிறந்த ஊர்க்காரர்களே திரும்பக் கொண்டுபோய் அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டார்கள். இனி மிதக்காது. ஆனால் முழுகவும் முழுகாது. குழந்தைகள் அதன் பெஞ்சில் உட்காரலாம்.

இதை ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில், எனக்குச் சுத்தியல் கொடுத்த பெரியவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "உன்னை மாதிரி யோசிச்சிருந்தா ஜேம்ஸ் கிரெய்க் இருந்திருக்குமா?" என்றார்.

எனக்கு வாயடைத்துப்போனது. ஜேம்ஸ் கிரெய்க் 1874இல் இங்கிலாந்தில் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல். டாஸ்மேனியாவின் தென்கோடியில் ரெஷெர்ஷ் விரிகுடாவில் கைவிடப்பட்டு, அடியில் ஓட்டையோடு, நாற்பது வருஷம் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பார்த்த எவரும் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்கும் இல்லை, பணமும் இல்லை. 1972இல் தன்னார்வலர்கள் போய் மிதக்கவைத்தார்கள். அப்புறம் முப்பது வருஷம் பிடித்தது. இன்றைக்குச் சிட்னியிலிருந்து பாய் விரித்துக் கடலுக்குப் போய்வருகிறது. அதில் நான் ஒருமுறை போயிருக்கிறேன். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தியதும், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின அமைதி வந்து இறங்குகிறது. என் விதிப்படி அந்தக் கப்பலை 1972இல் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று தோன்றியது. ரெஷெர்ஷ் விரிகுடாவில் அவர்கள் முதலில் செய்தது என்ன? அடியை அடைத்தார்கள். பாய்மரமோ பித்தளையோ வார்னிஷோ கைவைக்க அங்கே எதுவுமே இல்லை. அழகு பார்க்க வழியே இல்லாத நிலைமை அவர்களை நேராக ஓட்டைக்குக் கொண்டுபோனது. பாரகூலா மிதந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. கரையிலிருந்து பார்த்த என் மாதிரி ஆயிரம் பேருக்கு, அது நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அடுத்த வாரம் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பாதி சரி" என்றார். மறுபாதி என்ன என்று கேட்டேன். "அந்த வருஷம் அங்க போன ஆளுங்களுக்கு வயசு இருபது முப்பது" என்றார். எங்கள் மேஜையைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்பது பேர் இருந்தோம். ஐம்பதுக்குக் கீழே நான் ஒருவன்தான்.

அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மகளுக்கு இப்போது பதினைந்து வயது. இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள், வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் இறங்கினாள். சுத்தியலைக் கொடுத்து, "டங்", "தொப்" இரண்டு சத்தத்தையும் காட்டினேன். என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். நான் டங் என்று விட்டுவிட்டு நகர்ந்த ஒரு இடத்தில், "அப்பா, இது வேற மாதிரி கேக்குது" என்று நிறுத்தினாள். சாக்பீஸால் வட்டம் போட்டாள். கருவி வைத்துப் பார்த்தபோது நான்கு மில்லிமீட்டர்.

நண்பருக்கு இதையெல்லாம் போன மாதம்தான் சொன்னேன். அவர் வீட்டு மொட்டைமாடி மாதிரியான பால்கனியில் உட்கார்ந்து, காபி ஆறுகிற வரைக்கும். பாரகூலாவில் வேலை பார்த்தவர்களின் வருஷங்கள் வீண் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அவர்களை வீணாகும் இடத்தில் நாம்தான் நிறுத்தினோம் என்றேன். நானும் கரையில் நின்று ரசித்தவன்தான், ஒரு டாலர் கொடுத்ததில்லை என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. நேற்று ராத்திரி மெசேஜ் வந்திருக்கிறது.

"சனிக்கிழமை நானும் வர்றேங்க. என்ன எடுத்துட்டு வரணும்?"

பழைய சட்டை, கெட்டியான ஷூ, முழங்காலுக்குக் கீழே போட ஒரு கோணிச்சாக்கு என்று எழுதினேன். முன்பக்க அறையில் தரைத்தகட்டைத் தூக்கப் போகிறோம். அங்கே இன்னும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.